கந்தல் கோட்டு இளவரசர்

மயோர்காத் தீவில் ஒரு மலைப் பாதை. பாரம் ஏற்றிய வண்டி ஒன்று அங்கே சிக்கிக்கொண்டது. வண்டிக்காரர் எவ்வளவோ முயன்று பார்த்தார். சக்கரம் அசையவில்லை.

அந்த வழியாக ஒரு மனிதர் நடந்து வந்தார். பருத்த உடம்பு. சீவாத தாடி. அழுக்கேறிய பழைய கோட்டு. ஏதோ ஒரு பண்ணையில் வேலை செய்யும் ஆள் போலத் தெரிந்தார். அவர் ஒன்றும் பேசாமல் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார். வண்டி மேலே ஏறிவிட்டது. வண்டிக்காரருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மடியிலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்து அந்த மனிதரிடம் கொடுத்தார். அவரும் மறுக்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

தம் வாழ்நாளில் உடல் உழைப்பால் சம்பாதித்த முதல் காசு அதுதான் என்று பிறகு அவர் நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம்.

இந்தக் கதையை அந்தத் தீவில் பல விதமாகச் சொல்வார்கள். எந்த விதமாகச் சொன்னாலும் காசு வாங்கிய ஆள் ஒருவர்தான். ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் நெருங்கிய உறவினர், இளவரசர் லுட்விக் சால்வடோர்.

நாடு இழந்த சிறுவன்

இத்தாலியில் உள்ள பிளாரன்ஸ் நகரில், பிட்டி அரண்மனையில், 1847 ஆகஸ்டு 4-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை இரண்டாம் லியோபோல்டு, டஸ்கனி நாட்டின் அரசர். இத்தாலி அப்போது ஒரே நாடாக இல்லை. சிறு சிறு அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. எல்லாவற்றையும் ஒன்று சேர்த்து ஒரே இத்தாலி ஆக்க வேண்டும் என்று மக்கள் கிளர்ந்து எழுந்த காலம் அது.

1859 ஏப்ரல் 27-ந் தேதி பிளாரன்ஸ் மக்கள் தெருவில் திரண்டார்கள். ராணுவமும் மக்கள் பக்கம் சாய்ந்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை, ரத்தம் சிந்தவில்லை. அன்று மாலையே அரச குடும்பம் வண்டிகளில் ஏறி ஊரைவிட்டுப் போனது. வண்டிக்குள் இருந்த லுட்விக்குக்கு அப்போது வயது 11. பிறந்த வீடு அன்றோடு போயிற்று.

குடும்பம் பொஹீமியா நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைய செக் நாடு அது. பிராகு நகருக்கு அருகில், எல்பே ஆற்றங்கரையில், பிராண்டைஸ் என்ற கோட்டையில் குடியேறினார்கள். குளிர் நாடு. பனி விழும் ஊர். பையன் கடல் ஏங்கும் பையன்.

அரச குடும்பத்துப் பிள்ளைகள் ராணுவத்தில் சேருவதுதான் வழக்கம். லுட்விக்குக்கு அதில் மனம் செல்லவில்லை. செடி, பூச்சி, சிப்பி இவற்றைச் சேகரித்தார். மொழிகளைக் கற்றார். படம் வரையப் பழகினார். போகுமிடமெல்லாம் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கூடவே போகும்.

பெயரை மறைத்து ஒரு பயணம்

1867-ல், 20 வயதில், மத்தியதரைக் கடலில் உள்ள பலியாரிக் தீவுகளுக்கு அவர் முதல் முறையாகப் போனார். ஸ்பெயின் நாட்டுக்குக் கிழக்கே உள்ள தீவுக்கூட்டம் அது. விடுமுறைப் பயணம்தான். இளவரசர் என்ற பெயரில் போனால் என்ன நடக்கும்? துறைமுகத்தில் மேளம் கொட்டுவார்கள். கவர்னர் மாளிகையில் விருந்து வைப்பார்கள். ஊரைத் தவிர மற்றதையெல்லாம் காட்டுவார்கள். ஆகையால் நாய்டோர்பு பிரபு என்று வேறு பெயர் சூட்டிக்கொண்டு இறங்கினார்.

அந்தக் காலத்தில் அங்கே உல்லாசப் பயணிகள் அதிகம் இல்லை. 30 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரிய மனிதர் மயோர்காவுக்கு வந்திருந்தார். அவர் போலந்து நாட்டின் இசை மேதை சோபின். 1838-ல் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டு அம்மையாருடன் வந்து, வால்டெமோசா என்ற மலை ஊரில் பழைய மடம் ஒன்றில் தங்கினார். குளிர்காலம். ஓயாத மழை. சோபினுக்கு நெஞ்சு நோய். ஊர் மக்கள் பயந்து ஒதுங்கினார்கள். சாண்டு அம்மையார் ஊர் திரும்பி ஒரு புத்தகம் எழுதினார். இயற்கையை வாயாரப் புகழ்ந்துவிட்டு, மனிதர்களைக் கரித்துக் கொட்டிவிட்டார்.

லுட்விக் அதே மலைக்கு வந்தார். அவருக்கு அந்த மனிதர்களைப் பிடித்துப்போயிற்று. அவர்கள் பேசும் மொழியைக் கற்றுக்கொண்டு அவர்களிடமே பேசினார். வேறுபாடு அதில்தான் இருந்திருக்க வேண்டும்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

பலியாரிக் தீவுகளில் மக்கள் பெருவாரியாக வாழும் தீவுகள் நான்கு. ஒரே கடல், ஒரே வெயில், ஒரே மொழியின் கிளைப் பேச்சுகள். ஆனால், ஒரு தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பதில்லை அல்லவா? இந்த நான்கும் அப்படித்தான்.

மூத்தது மயோர்கா. 1,400 சதுர மைல். வடமேற்குக் கரை முழுவதும் மலைத்தொடர். உயர்ந்த சிகரம் 4,700 அடிக்கு மேல். மலைச் சரிவில் படிப்படியாகக் கல் அடுக்கி, மண் நிரப்பி, ஆலிவ் மரம் வைத்திருப்பார்கள். சுண்ணாம்பு, காரை எதுவும் இல்லாமல் வெறும் கல்லையே கல்லின் மேல் அடுக்கிய சுவர்கள். நூற்றாண்டுகளாக நிற்கின்றன.

மெனோர்கா 270 சதுர மைல். அங்கே மலை என்று சொல்ல ஒரு குன்றுதான் உண்டு. வடக்கிலிருந்து காற்று வந்தால் தடுப்பார் இல்லை. மரங்களே ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். புல்வெளியும் பசுவும் பாலாடைக் கட்டியும் நிறைந்த தீவு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த மக்கள் நட்டு வைத்த பெருங்கற்கள் வயல் நடுவே நிற்கும். 1708 முதல் 1802 வரை, இடையிடையே விட்டு விட்டு, இங்கிலீஷ்காரர்கள் இதை ஆண்டார்கள். அவர்கள் போன பிறகும் மேலும் கீழும் தள்ளும் ஜன்னல் நின்றது. ஜின் சாராயம் காய்ச்சும் வழக்கமும் நின்றது. பையன்கள் கோலி விளையாடினால், கோலிக்கு இங்கிலீஷ் பெயரைத்தான் கொஞ்சம் திரித்துச் சொல்வார்கள். திருவிழா என்றால் குதிரைகள் கூட்டத்துக்கு நடுவே பின்னங்காலில் எழுந்து நிற்கும்.

இபிசா இன்னும் சிறியது. 220 சதுர மைல். அங்கே வீடுகள் வெள்ளையடித்த பெட்டி போல இருக்கும். ஓடு கிடையாது, தட்டையான மாடி. குடும்பம் பெருகினால் பக்கத்தில் இன்னொரு பெட்டி. பண்டைக்காலம் முதல் உப்பளம் உண்டு. விழா நாளில் பெண்கள் மார்பு நிறையப் பொன் சங்கிலியும் விரல் நிறைய மோதிரமும் அணிவார்கள். அந்தக் காலத்தில் அங்கே பெண் கேட்கும் முறை வேடிக்கையாக இருந்தது. பெண் வீட்டில் மாலையில் அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அவளை விரும்பும் இளைஞர்கள் வரிசையாகக் காத்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் சில நிமிஷம். அதற்கு மேல் ஒருவன் பேசினால் காத்திருப்பவன் கனைப்பான். அப்புறமும் எழுந்திருக்காவிட்டால் கத்தி வெளியே வரும்!

கடைக்குட்டி ஃபோர்மென்டேரா. 32 சதுர மைல். கோதுமைத் தீவு என்று அதன் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து ஒரு காலத்தில் மக்கள் அடியோடு விட்டுப்போன தீவு. 17-ம் நூற்றாண்டின் முடிவில்தான் இபிசாக்காரர்கள் வந்து மறுபடி குடியேறினார்கள். அங்கே ஓர் அத்தி மரத்தைப் பார்த்தால் மறக்க முடியாது. கிளைகளை மேலே போகவிடாமல் பக்கவாட்டில் பரப்பி, சுற்றிலும் முட்டுக்கொம்புகள் நட்டுத் தாங்கியிருப்பார்கள். பந்தல் போட்டதுபோல் இருக்கும். வெயில் நேரத்தில் ஆட்டு மந்தை முழுவதும் ஒரே மரத்தடியில் படுத்துக்கொள்ளும்.

கேள்விப் புத்தகம்

லுட்விக் இவ்வளவையும் பார்த்தார். பார்த்ததோடு நிற்கவில்லை. ஒரு கேள்விப் புத்தகம் தயாரித்து அச்சிட்டார். உங்கள் ஊரில் என்ன மீன் கிடைக்கும், என்ன வலை? கல்யாணத்துக்கு எந்த நாள் நல்லது? குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன மருந்து? கலப்பையின் உறுப்புகளுக்கு என்ன பெயர்? இப்படி ஆயிரம் விஷயங்கள். அதை ஊர் ஊராகப் பாதிரியார்களுக்கும் வைத்தியர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் அனுப்பினார். தாமும் நடந்து போய் அடுப்படியிலும் களத்துமேட்டிலும் உட்கார்ந்து கேட்டார்.

அதன் பயனாக ஒரு பெரும் நூல் எழுந்தது. 1869-ல் முதல் தொகுதி வந்தது. அது பெரிய தீவைப் பற்றியது அல்ல; இபிசா, ஃபோர்மென்டேரா என்ற இளையவர்களைப் பற்றியது. அதன் பிறகு மயோர்கா. கடைசியாக மெனோர்கா. 1891-ல் ஏழாவது தொகுதியோடு நூல் முடிந்தது. முழுதாக 22 ஆண்டுகள்! படங்களுக்கு அவரே பென்சிலால் வரைந்து கொடுத்தார். 1878-ல் பாரிஸ் கண்காட்சியில் அந்த நூலுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பணம் சம்பாதிக்க எழுதியது அல்ல. தம் செலவில் அச்சிட்டு, நண்பர்களுக்கும் நூல்நிலையங்களுக்கும் இனாமாகக் கொடுத்தார். அவர் எழுதிய புத்தகங்கள் பலவற்றில் ஆசிரியர் பெயரே இராது.

80 நாளில் உலகைச் சுற்றிய கதையை எழுதிய ஜூல்ஸ் வெர்னுக்கும் அந்த நூல் போயிற்று. வெர்ன் மயோர்காவை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் 1896-ல் வெளியான ஒரு நாவலில் கதாபாத்திரங்களை அந்தத் தீவில் இறக்கி, ஊர் சுற்றிக் காட்டினார். எல்லாம் இளவரசர் புத்தகத்தைப் படித்ததனால் வந்த அறிவு!

மரத்தை வாங்கியவர்

விடுமுறைக்கு வந்தவர் 1872-ல் நிலம் வாங்கினார். வால்டெமோசாவுக்கு அப்பால், கடலைப் பார்த்த மலைச் சரிவில், மிராமார் என்ற இடம். பழைய பெருமை உள்ள இடம் அது. 1276-ல் ரமோன் லூல் என்ற ஞானி அங்கே ஒரு பள்ளி நடத்தினார். பாதிரியார்கள் அதில் அரபு மொழி கற்றார்கள். இளவரசர் வாங்கியபோது பாழடைந்து கிடந்தது.

அதன் பக்கத்து நிலம், அதற்குப் பக்கத்து நிலம் என்று வாங்கிக்கொண்டே போனார். அவரைப் பார்த்தால் நிலக்காரர்கள் விலையை ஏற்றிவிடுவார்கள். அவருக்குப் பேரம் பேசத் தெரியாது. சோன் மரோய்க் என்ற பண்ணையை வாங்கியபோது ஊரே சிரித்ததாம். அந்தப் பண்ணைக்குக் கீழே ஒரு பாறை கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதன் நடுவே இயற்கையாக ஏறக்குறைய 60 அடி அகலத்துக்கு ஒரு பெரிய துளை. கொடுத்த பணம் அதிகம் என்று ஒருவர் சொன்னபோது, அந்தத் துளைக்கு மட்டுமே அது தகும் என்று இளவரசர் பதில் சொன்னதாகப் பேச்சு.

வாங்கிய நிலத்தில் அவர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை என்றே சொல்லலாம். மரம் வெட்டக் கூடாது. வேட்டையாடக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். அந்த மலையில் கரி சுடுவோர் மரங்களை வெட்டி அடுக்கிச் சுடுவது வழக்கம். கிழட்டு ஆலிவ் மரங்களை விறகுக்கு விற்பார்கள். யாராவது ஒரு நல்ல மரத்தை வெட்டப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால், அவர் விறகின் விலையைவிட அதிகம் கொடுத்து அந்த மரத்தை வாங்கி, நின்ற இடத்திலேயே நிற்க விட்டுவிடுவார். பைத்தியம் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள்.

மலை உச்சி வரை பாதை போட்டார். எங்கெங்கே கடல் அழகாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் நின்று பார்க்கக் கல் மேடை கட்டினார். வழிப்போக்கர்களுக்கு ஒரு சத்திரம் வைத்தார். யார் வந்தாலும் மூன்று நாள் இலவசமாகத் தங்கலாம். படுக்கை, உப்பு, ஆலிவ் காய், சமைக்க நெருப்பு எல்லாம் உண்டு. பணம் வாங்கக் கூடாது என்பது கட்டளை. பிற்காலத்தில் ஓட்டல்களால் வாழப்போகிற ஒரு தீவில் இப்படி ஒரு சத்திரம்!

ஒன்றை மறக்கக் கூடாது. இவ்வளவும் அவர் உழைத்துச் சேர்த்த பணம் அல்ல. அரச குடும்பத்துப் பணம். ஆனால் அதே பணத்தை அவருடைய உறவினர்கள் எதில் செலவிட்டார்கள் என்று பார்த்தால், அவர் மேல் கோபம் வராது.

கப்பலும் வீடும்

அதே 1872-ல் நிக்ஸே என்ற நீராவிக் கப்பலும் அவரிடம் வந்தது. நீர்க்கன்னி என்று பொருள். அவருக்கு அது வீடு, எழுதும் அறை, ஊர் எல்லாம். நாயும் பூனையும் குரங்கும் பல நாட்டு ஆட்களும் அதில் இருப்பார்கள். சைப்ரஸ், இதாக்கா, லிபாரித் தீவுகள் என்று கடலில் கிடக்கும் ஊர்களையெல்லாம் தேடிப் போனார். ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் சிற்றூராக இருந்தபோதே அதைப் பற்றி 1878-ல் எழுதிவிட்டார். 1893-ல் அல்ஜீரியக் கரையில் நிக்ஸே பாறையில் மோதி உடைந்தது. உயிர் தப்பினார். அதையும் ஒரு புத்தகமாக எழுதினார்!

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் வாய் பலவும் பேசியது. பேசியதில் எது நிஜம், எது புரளி என்று பிரிப்பது கடினம். அவருடைய மனத்தில் இடம் பிடித்த இருவரை மட்டும் சொல்லலாம். பொஹீமியாவிலிருந்து கூட வந்த இளம் காரியதரிசி வைபோர்னி, 1877 கோடையில் மயோர்காவில் இறந்துபோனார். அவருக்கு மிராமாரில் சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் எழுப்பினார்.

மற்றொருவர் கத்தலினா ஹோமார். வால்டெமோசாவைச் சேர்ந்த தச்சரின் மகள். எஸ்தாக்கா என்ற கடலோரப் பண்ணையை அவர் பொறுப்பில் இளவரசர் ஒப்படைத்தார். திராட்சைத் தோட்டம், ஒயின் வேலை, கூலி, கணக்கு எல்லாம் அந்தப் பெண் பார்த்துக்கொண்டார். இளவரசரோடு பல நாடுகளுக்கும் போனார். 1905-ல் அவர் இளம் வயதிலேயே மறைந்தார். அந்த ஆண்டே இளவரசர் அவர் வாழ்க்கையைத் தனி நூலாக எழுதினார். அரசர்களின் வாழ்க்கையை எழுதப் புலவர்கள் உண்டு. தச்சர் மகளின் வாழ்க்கையை அரசகுமாரர் எழுதியது எத்தனை இடத்தில் நடந்திருக்கும்?

சக்கரவர்த்தினி எலிசபெத் அம்மையாரும் 1892-ல் கப்பலில் வந்து மிராமாரைப் பார்த்தார். மகனை இழந்து, அரண்மனையில் மனம் ஒட்டாமல் நாடு நாடாக அலைந்தவர் அவர். அந்தக் குடும்பத்தில் அமைதி கண்டவர்கள் குறைவு. லுட்விக்கின் தம்பி யோஹான் 1889-ல் பட்டத்தைத் துறந்தார்; மறு ஆண்டு தென் அமெரிக்கக் கடலில் கப்பலோடு காணாமலே போனார்.

வர முடியாத கரை

வயது ஏறியது. யானைக்கால் நோய் வந்தது. மலைப் பாதைகளில் நடந்த கால்கள் வீங்கி அசைய மறுத்தன. 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. கடல் வழிகள் அடைபட்டன. தீவுக்குத் திரும்ப வழியில்லை. 11 வயதில் எந்தக் கோட்டைக்கு அகதியாகப் போனாரோ, அதே பிராண்டைஸ் கோட்டைக்கே அவரைக் கொண்டுபோனார்கள்.

அங்கேயும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1914-ல் மரங்களின் பாடல்கள் என்று ஒரு நூல் வந்தது. 1915-ல் இன்னொரு நூல். இத்தாலியின் வடகிழக்கில் பேசப்படும் ஃபிரியூலி என்ற சிறு மொழியில், தாய் பிள்ளையைக் கொஞ்சும் சொற்களும் காதலர் பேசும் செல்லச் சொற்களும் அடங்கிய தொகுப்பு அது. ஐரோப்பா முழுவதும் பீரங்கி முழங்கிய ஆண்டில் அந்தக் கிழவர் கொஞ்சு மொழிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

1915 அக்டோபர் 12-ந் தேதி இறந்தார். வயது 68. வியன்னாவில், கப்பூச்சின் துறவியர் கோவிலின் நிலவறையில், அரச குடும்பத்தாரின் சவப்பெட்டிகளுக்கு நடுவே அவருக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள்.

மயோர்காச் சொத்துகளை உறவினர்களுக்கு அவர் எழுதி வைக்கவில்லை. தம்மிடம் காரியதரிசியாக இருந்த மயோர்காக்காரர் அந்தோனியோ விவெசுக்கே எழுதி வைத்திருந்தார். சோன் மரோய்க் வீடு இப்போது கண்காட்சிச் சாலை. அவர் கட்டிய வெள்ளைச் சலவைக்கல் மண்டபம் அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. 2011-ல் அந்த மலைத்தொடரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தீவுகளுக்கு இன்று ஆண்டுதோறும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் விடுமுறைக்கு வருகிறார்கள். அவர்களில் மலை ஏறுகிறவர்கள் நடப்பது பல இடங்களில் அவர் போட்ட பாதையில்தான். இரு பக்கமும் அவர் விலை கொடுத்து வாங்கி வெட்டாமல் விட்ட ஆலிவ் மரங்கள் இருக்கின்றன.